குரல் பார்த்துப் போட்ட கட்டில்கள்

ராணுவ ஆஸ்பத்திரி என்றால் காயத்தைப் பார்த்துத்தான் கட்டில் போடுவார்கள். கால் போனவர்கள் ஒரு வரிசை, நெஞ்சில் அடிபட்டவர்கள் ஒரு வரிசை, காய்ச்சல்காரர்கள் தனியாக ஒரு மூலை. உலகம் முழுக்க அப்படித்தான். எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் மட்டும் குரலைப் பார்த்துப் போட்டோம். டெனர் என்ற உச்சக் குரலில் பாடுகிறவர்கள் ஜன்னல் பக்கம், பேஸ் என்ற அடிக்குரலில் பாடுகிறவர்கள் அடுப்புப் பக்கம், இரண்டிலும் சேராதவர்கள் நடுவில். ஒற்றைக் கால்காரனும் மூட்டுவாதக்காரனும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருப்பதைப் பார்த்து வெளியூர் டாக்டர் யாராவது முகம் சுளித்தால், இரண்டு பேருமே முதல் டெனர் என்று பதில் வரும்.

முதல் உலகப் போரின்போது பெத்தானியா சபையின் பக்கக்கூடம்தான் ஆஸ்பத்திரி. ஞாயிறு பள்ளியும் தேநீர் விருந்தும் நடந்த இடத்தில் முப்பது கட்டில். இப்போது அங்கே பையன்கள் மேசைப் பந்து ஆடுகிறார்கள். பழைய அடுப்பைப் பிடுங்கிவிட்டு மின்சாரக் கணப்பு வைத்துவிட்டார்கள். இருந்தாலும் கதவைத் திறந்ததும் எனக்கு வருவது கார்பாலிக் கிருமிநாசினி வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும்தான். புதுப் போதகரிடம் சொன்னேன். நல்ல பையன், மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லையே என்றார். முப்பது வயது மூக்கு வேறெதற்கு உதவும்?

கட்டில்களை அப்படிப் போட்டது கெசையா ப்ரோபர்ட். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜோன்ஸ், மீதிப் பேர் வில்லியம்ஸ் என்பதால் பெயரோடு தொழிலையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் தெரியும். ப்ரோபர்ட் என்று இருந்தது ஒரே ஒரு குடும்பம், ஆனாலும் யாரும் விடவில்லை. அவர் ரொட்டிக்கடை கெசையா, நான் துணிக்கடை நெஸ்டா. கெசையாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பெரிய உடம்பு, மாவு பிசைந்து முறுகிய கைகள். சபைப் பாடகர் குழுவை நடத்தியது அவர் கணவர் என்று பெயர், உண்மையில் நடத்தியது கெசையாதான். குழந்தை இல்லை. பாட்டுதான் பிள்ளை என்று அவரே சொல்வார், அதைச் சொல்லும்போது யாரும் பரிதாபப்பட்டால் பிடிக்காது.

நாங்கள் யாரும் நர்ஸ் இல்லை. செஸ்டரிலிருந்து வந்த தலைமைச் சிஸ்டர் ஒருவர்தான் முறையாகப் படித்தவர். மற்றவர்களெல்லாம் ஒருவர் தலையில் ஒருவர் கட்டுப் போட்டுப் பழகி, சான்றிதழ் வாங்கிய ஊர்ப் பெண்கள். காலையில் கடை, அடுப்பு, மாடு. மதியத்துக்கு மேல் வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மலச்சட்டி கழுவுவது, தரை தேய்ப்பது, கட்டு மாற்றுவது. சம்பளம் கிடையாது. ஆனால் அந்த நாட்களைப் போலச் சந்தோஷமாக நான் பிறகு இருந்ததில்லை. போர் நடந்தபோது சந்தோஷமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இருபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு மனிதனின் உயிருக்கு நான் வேண்டியவளாக இருந்தேன், துணி முழம் போடுவதற்கு மட்டும் இல்லை.

ஸ்ட்ரெச்சர் வந்து இறங்கினால் தலைமைச் சிஸ்டர் எங்கே அடிபட்டது என்று பார்ப்பார். கெசையா முகத்துச் சேற்றைத் துடைத்தபடியே, "என்ன குரல் கண்ணு உனக்கு?" என்று கேட்பார். தாடை உடைந்து கட்டுப் போட்டு வந்த ஒருவனை முனகச் சொல்லிக் கேட்டுவிட்டு டெனர் வரிசைக்கு அனுப்பினார். தலைமைச் சிஸ்டர் முதல் வாரம் சண்டை போட்டார். ஒரு மாலை தேநீருக்குப் பிறகு அவர்கள் பாடுவதைக் கேட்டார், அதோடு சண்டை நின்றது. தேநீருக்குப் பின் பாட்டு என்பது வழக்கமாகிவிட்டது. ஆண்கள் படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் பாடுவார்கள், நாங்கள் மேசையைச் சுற்றி நின்று கட்டுத்துணி சுருட்டிக்கொண்டே மேல் குரல்களைப் பிடிப்போம். காயம்பட்ட சிப்பாய்களுக்கென்று ராணுவம் கொடுத்த நீலச் சட்டையும் சிவப்பு டையும் போட்ட அத்தனை பேர் வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

வேல்ஸ்காரன் அல்லாதவன் ஒருவன் இருந்தான். ஸ்டப்ஸ், லண்டனில் பஸ் கண்டக்டர், முழங்காலில் குண்டு. அவனுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். அவனுடைய குறட்டை கீழ் ஸ்தாயியில் இருக்கிறது என்று சொல்லி கெசையா அவனை பேஸ் வரிசையில் போட்டார். எங்கள் பாஷையில் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமலே மூன்று பாட்டுகளை மனப்பாடம் செய்துவிட்டான். ஆனால் வாய் மட்டும்தான் அசைக்கலாம், சத்தம் வரக்கூடாது என்பது கெசையாவின் உத்தரவு.

இதெல் க்வின் வந்தது மழைக்காலத்தில். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், கல் குவாரியில் பலகைக்கல் பிளப்பவன். வெடிகுண்டுச் சில்லு ஒன்று விலாவைத் துளைத்து நுரையீரலுக்குள் போயிருந்தது. சில்லை எடுத்து, சீழை வடித்து, சுருங்கிப்போன நுரையீரலோடு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கெசையா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அவனால் பதில் சொல்ல முடியவில்லை, மூச்சு இல்லை. விரலைத் தரையை நோக்கிக் காட்டினான். பேஸ்.

எங்கள் ஊர்க் கிழட்டு டாக்டர் அவனுக்கு இரண்டு பாட்டில்களைக் கொடுத்தார். நடுவே ரப்பர் குழாய். ஒரு பாட்டிலில் இருக்கும் தண்ணீரை ஊதி ஊதி இன்னொன்றுக்கு அனுப்ப வேண்டும், அப்போதுதான் நுரையீரல் விரியும். இதெலுக்கு அந்த பாட்டில்களைக் கண்டாலே ஆகாது. சிறுபிள்ளை வேலை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான்கு நாள் பார்த்துவிட்டு கெசையா பாட்டில்களை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "ஊத வேணாம், ஒரே சுரத்தப் பிடிச்சு நில்லு. நெஸ்டா, நீ அவன் விலாவுல கைய வச்சுக்க. கை எழும்பலன்னா அவன் ஏமாத்துறான்னு அர்த்தம்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் மதியம் நான் அவன் கட்டிலருகே நின்று விலாவில் கையை வைத்துக்கொள்வேன். அவன் ஒரு சுரத்தைப் பிடிப்பான், நான் மனசுக்குள் எண்ணுவேன். முதலில் மூன்று எண்ணுவதற்குள் இருமல் வந்துவிடும். பிறகு ஐந்து. கிறிஸ்துமஸ் கழிந்து பனி இறுகிய நாட்களில் இருமல் இல்லாமல் பன்னிரண்டு. என் உள்ளங்கையின் கீழே அந்த விலா கொஞ்சம் கொஞ்சமாக எழும்புவதை நான் தினமும் அறிந்தேன். அவனை எனக்குப் பிடித்திருந்தது, இதில் சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? ஒருநாள் எண்ணி முடித்துக் கையை எடுக்கப் போனேன்.

"கைய எடுக்காதீங்க சிஸ்டர், சுருதி இறங்கிடும்" என்றான்.

"நீ இப்பப் பாடவே இல்லயே" என்றேன்.

"அதான் சொல்றேன், பாடாமலே இறங்குது."

பக்கத்துக் கட்டிலில் ஸ்டப்ஸ் போர்வைக்குள் சிரித்தான். அர்த்தம் தெரியாவிட்டாலும் சில விஷயங்கள் எல்லோருக்கும் புரியும் போலிருக்கிறது.

பெத்தானியாவில் ஒரு பழைய ஞானப்பாட்டு உண்டு, சோகமான மெட்டு. மூன்றாம் சரணத்தில் எல்லாக் குரல்களும் நின்றுவிடும். பேஸ் மட்டும் தனியே இறங்கி ஒரு வரி முழுக்க நடந்து போகும். அந்த வரி முடிந்ததும் எல்லோரும் ஒரேயடியாகச் சேர்ந்துகொள்வார்கள். கெசையாவின் மாமனார் காலத்துக்குப் பிறகு அந்த வரியைச் சரியாகப் பாட ஊரில் ஆள் இல்லை என்பது கெசையாவின் தீராத குறை. வசந்தம் பிறந்தபோது இதெல் அதைப் பாடினான். கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்த எங்கள் கைகள் நின்றுவிட்டன.  கெசையா சமையலறைக்குப் போய் அவனுக்குப் பழரொட்டியில் தடிமனாக ஒரு துண்டு வெட்டி, வெண்ணெய் தடவிக் கொண்டுவந்து வைத்தார். 

அந்த மாதம்தான் கர்னல் வருவதாகத் தகவல் வந்தது. பெரிய ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒவ்வொருவரையும் சோதித்து, திரும்பப் போருக்கா, வீட்டுக்கா என்று முடிவு செய்பவர் அவர். இதெல் விஷயம் ரெண்டுங்கெட்டான் என்று எங்கள் டாக்டர் சொன்னார். நுரையீரலில் தழும்பு இருக்கிறது, குளிர்காலத்தில் தொந்தரவு தரும். தகுதியில்லை என்று எழுதினாலும் தப்பில்லை, தகுதி என்று எழுதினாலும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. எல்லாம் கர்னலின் மனசைப் பொறுத்தது. தகுதியில்லை என்று எழுதிவிட்டால் இதெல் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மலையைத் தாண்டி வீட்டுக்குப் போய்விடலாம். மலை ஒன்றும் பெரிய தூரமில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் பெத்தானியாவுக்கு வரலாம் என்று நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மனசைப் பொறுத்தது என்ற சொல்லை கெசையா பிடித்துக்கொண்டார். அப்படியானால் கர்னல் முன்னால் இதெலைப் பாட வைக்க வேண்டும் என்றார்.

"இந்தக் குரலக் கேட்ட பிறகும் இத சேத்துல கொண்டுபோய் போட எந்த மனுசனுக்கு மனசு வரும்?"

எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் நல்ல குரல் இருப்பவனுக்குக் குவாரியில் தூசி குறைந்த வேலை கொடுப்பார்கள், கடனுக்கு நெருக்க மாட்டார்கள், குடித்துவிட்டு வந்தால்கூட சபை மூப்பர்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள். குரல் என்பது ஊருக்குச் சொந்தமான சொத்து, அதற்குச் சேதம் வராமல் பார்ப்பது எல்லோர் கடமை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நம்பியிருந்தோம். ஸ்டப்ஸ் ஒருவன்தான் தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா, ராணுவத்துக்கிட்ட உடம்பு நல்லா இருக்குன்னு காட்டவே கூடாது. அவரு வர்றப்ப இவன் இருமணும். நான் சொல்லித் தர்றேன், எங்க டிப்போவுல லீவுக்கு எல்லாரும் அப்படித்தான்" என்றான்.

"இருமி ஏமாத்தறதா? பெத்தானியாவுலயா?" என்றார் கெசையா. பேச்சு அதோடு முடிந்தது.

கர்னலைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படிச் சொல்ல முடியாது. செக்கச் செவேலென்ற முகம், வெள்ளை மீசை, எல்லோரிடமும் மரியாதை. வந்தவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தோம், பழரொட்டியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கெசையா சுருதி எடுக்கும் இசைக்கவையை மேசையில் தட்டினார். கட்டில்களிலிருந்து பாட்டு எழும்பியது. மூன்றாம் சரணத்தில் எல்லாம் நின்று, இதெல் மட்டும் இறங்கிப் போனான். அன்றைக்குப் பாடியதைப் போல அவன் அதற்கு முன் பாடியதில்லை. ஒரு வரியை ஒரே மூச்சில் எடுத்தான், நடுவில் எங்கும் மூச்சு வாங்கவில்லை. கர்னல் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெசையா என்னைப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

கர்னல் எழுந்து நேரே இதெலின் கட்டிலுக்குப் போனார். சட்டையைக் கழற்றச் சொன்னார், முதுகில் விரலால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். இப்படி ஒரு நெஞ்சை இந்த மாதத்தில் எங்கும் பார்க்கவில்லை என்றார். திரும்பிவந்து கெசையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நுரையீரல் கேஸ்களில் எப்போதும் தனக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும், இவன் விஷயத்தில் அந்தக் கஷ்டமே இல்லாமல் செய்துவிட்டீர்கள் என்று நன்றி சொன்னார். தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நன்றியை அவர் உபசாரமாகத்தான் சொன்னார்.

கெசையா அன்று மாலை வரை சமையலறையிலேயே நின்றிருந்தார். இதெல்தான் போய்ப் பேசினான். "விடுங்கம்மா. மட்டமாப் பாடியிருந்தா உங்ககிட்ட யாரு திட்டு வாங்கறது?" என்றான். அவர் சிரிக்கவில்லை.

புறப்படும் நாளில் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். நீலச் சட்டை போய்க் காக்கி வந்ததும் அவன் யாரோ மாதிரி இருந்தான். சில நாள் வீட்டில் இருந்துவிட்டு அப்படியே போக வேண்டும் என்றான். ரயில் வந்து நின்ற பிறகு என் கையை எடுத்து, காக்கிக் கோட்டுக்கு மேலேயே தன் விலாவில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் மூப்பர் ஒருவரின் மனைவி நின்றிருந்தார், எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

"அந்த வரிய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. வந்து பாடுறேன்" என்றான்.

அவன் பெல்ஜியத்துப் பிளாண்டர்ஸ் சேற்றில் இறந்தது கோடை முடிவில். எங்களுக்குச் செய்தி கொண்டுவந்தது அவன் அம்மா. கறுப்புச் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக, கையில் ஒரு சட்டி வெண்ணெயோடு மலையைத் தாண்டி நடந்தே வந்திருந்தார். கூடத்து வாசலில் நின்று, ரொட்டிக்கடை கெசையா யார் என்று கேட்டார். வீட்டில் இருந்த நாட்களில் மகன் இந்த இடத்தைப் பற்றித்தான் ஓயாமல் பேசினானாம். அடுப்புக்கு முன்னால் நின்று அவர்களுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினானாம். "மூச்சுக்கூட விட முடியாமக் கெடந்தவனாமே. நீங்கதான் திருப்பிக் குடுத்தீங்கன்னான். அதுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்" என்று வெண்ணெய்ச் சட்டியை நீட்டினார். கெசையா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். அதைவிட அந்த அம்மாள் கன்னத்தில் அறைந்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் நான் வந்தபோது கெசையா தனியாகக் கட்டில்களை இழுத்துக்கொண்டிருந்தார். கால் போனவர்கள் ஒரு வரிசை, நெஞ்சுக்காரர்கள் ஜன்னல் ஓரம். முறைப்படி.  தேநீருக்குப் பிறகு பாட்டும் நின்றது.

அடுத்த வாரம் கர்னல் வந்தார். கூடவே ஒரு நண்பரையும் அழைத்து வந்திருந்தார். இந்த ஊர்ப் பாட்டைப் பற்றிப் போகிற இடமெல்லாம் சொல்லியிருந்தாராம். உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஆரம்பிக்கலாமே என்றார். முப்பது பேரும் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் இரண்டாம் தரம் அறுவை நடந்து இன்னும் அங்கேயே கிடந்த ஸ்டப்ஸ்தான் தொண்டையைக் கனைத்தான்.

"இங்க யாருக்கும் பாட வராது சார். இருக்கறதுலயே நல்ல குரல் என்னோடதுதான்" என்றான்.

கர்னல் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்துவிட்டார். கட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு கெசையாவிடம் கேட்டார். கீழ்க்குரலில் பாடினானே ஒரு பையன், அப்படியொரு குரலைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை, அவனை எங்கே காணோம்? அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. பாட்டை ஞாபகம் வைத்திருந்தார், கையெழுத்தை மறந்துவிட்டார்.

"நீங்கதான் சார் அனுப்புனீங்க" என்றார் கெசையா. "போன மாசம் செத்துட்டான்."

குரல் உயரவில்லை. ஆங்கிலம் அவருக்கு எப்போதும் கொஞ்சம் தடுக்கும், அன்றைக்குத் தடுக்கவில்லை. கர்னல் தொப்பியை முழங்காலிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பிறகு எழுந்து தன் வேலையைச் செய்தார். ஜன்னல் ஓரத்தில் இன்னொரு நெஞ்சுக்காரப் பையன் இருந்தான், இதெலைப் போலவே ரெண்டுங்கெட்டான். அவன் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார். இதெலுக்காக எழுதினாரா, நெஞ்சைக் கேட்டு எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. எந்தக் காரணமாக இருந்தாலும் அன்றைக்கு என்னால் அவருக்கு நன்றி சொல்ல முடியவில்லை.

அவர்கள் போன பிறகு தேநீர் கொடுத்தோம். கோப்பைகளை எடுக்கும்போது இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஸ்டப்ஸ் ஒற்றைக் காலில் தத்தித் தத்தித் தன் கட்டிலை அடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். நடக்க முடிந்தவர்கள் இறங்கி உதவினார்கள். முடியாதவர்களை நாங்கள் தள்ளினோம். தலைமைச் சிஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றவர், கடைசியில் ஒரு கட்டிலின் முனையைத் தானும் பிடித்தார். எல்லாம் பழையபடி வந்ததும் எல்லோரும் கெசையாவைப் பார்த்தார்கள்.  அவர் ஏப்ரன் பையிலிருந்து கவையை எடுத்து மேசையில் தட்டினார்.

மூன்றாம் சரணம் வந்தது. குரல்கள் நின்றன. பேஸ் வரிசையில் ஐந்து பேர் இருந்தார்கள், அந்த வரி ஐந்து பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கெசையாவின் கை மட்டும் நிற்காமல் தாளம் போட்டுக்கொண்டே போனது, ஒரு வரி முழுக்க, ஒன்றுமில்லாத இடத்தில். வரி முடிந்ததும் கை உயர்ந்தது, நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

பெத்தானியாவில் இன்றும் அதை அப்படித்தான் பாடுகிறோம். அன்றைக்கு இருந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்கள் பிறந்ததிலிருந்து அப்படிக் கேட்டே வளர்ந்தவர்கள், காரணம் கேட்பதில்லை. புதுப் போதகர் மட்டும் போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, புத்தகத்தில் அங்கே சுரம் அச்சாகியிருக்கிறதே, சபை ஏன் வாயை மூடிக்கொள்கிறது, நல்ல பேஸ் ஒருவரைத் தேடிப் பிடிக்கலாமா என்று கேட்டார்.

"வேணாங்க ஐயா. அது ஒருத்தரோட இடம், வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றேன்.

அவர் புரிந்தது போலத் தலையாட்டினார், புரிந்திருக்காது. அந்த வரி வரும்போதெல்லாம் நான் மனசுக்குள் எண்ணுகிறேன். இடது கையை மடியில் விரித்து வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வரைக்கும் அவனுக்கு மூச்சு வரும், எனக்குத் தெரியும்.